குலுக்காமல் கொடுத்த சீட்டு

மனிதர்களில் முகம் பார்க்கிறவர் என்று ஒரு ரகம் உண்டு. ஜோசியரைச் சொல்லவில்லை. ஜோசியராவது கட்டம் போடுவார், கணக்குப் பார்ப்பார், போனால் போகிறதென்று ஒரு பரிகாரமாவது சொல்லுவார். இவருக்கு அந்தச் சிரமமெல்லாம் கிடையாது. ஆளை ஒரு பார்வை பார்ப்பார், மூக்கால் ஒரு மூச்சு விடுவார், "ஆள் சரியில்லை" என்பார். முடிந்தது. அதற்கப்புறம் அந்த ஆள் விடிந்தால் கோயில் வாசலைக் கூட்டிப் பெருக்குகிறவனாக இருந்தாலும் சரியில்லாதவன்தான்.

உப்பளம் பேட்டையில் அப்படி ஒருவர் ஹரிகிருஷ்ணன். நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் மேற்பார்வை வேலை. கடையில் மூலைக்கு மூலை கேமரா மாட்டி நாளாயிற்று. "கேமராவுக்குக் கண்ணு இருக்குது, பார்வை இருக்குதா?" என்று அதற்குக் கீழேயே நின்று கேட்பார். இந்தத் திறமை ரத்தத்தில் வந்ததாம். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாயாக இருந்தவர். நடு இருட்டிலும் எதிரியின் முகத்தைப் பார்த்தே எண்ணத்தைச் சொல்லிவிடுவாராம். இருட்டில் முகம் எப்படித் தெரிந்தது என்று கேட்ட ஒரே ஆள் அவர் மனைவி தாமரைச்செல்வி. அவளும் கல்யாணமான புதிதில் கேட்டதோடு சரி.

இந்த ரகத்துக்கு உயிரான விளையாட்டு ஒன்று உண்டு. ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று துண்டுக் காகிதங்களில் எழுதி, மடித்து, குலுக்கிப் போட்டு, ஆளுக்கொன்று எடுப்பது. நீங்களும் ஆடியிருப்பீர்கள். போலீஸ் வந்தவர் மட்டும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மூச்சு விடக் கூடாது. அவர்களில் திருடன் யார் என்று போலீஸ் கைகாட்ட வேண்டும். சரியாகக் காட்டினால் போலீசுக்கு மார்க்கு, தப்பாகக் காட்டினால் அந்த மார்க்கு திருடனுக்கு.

ஹரிகிருஷ்ணனுக்குப் போலீஸ் வந்துவிட்டால் வீட்டில் ஒருவரும் நிம்மதியாக உட்கார முடியாது. கண்ணைச் சிமிட்டினால் திருடன். சிமிட்டாவிட்டால் கைதேர்ந்த திருடன். சிரித்தால் மறைக்கிறான், சிரிக்காவிட்டால் ரொம்ப மறைக்கிறான். தண்ணீர் கேட்டால் குற்றம் செய்த தொண்டை, அதனால்தான் காய்கிறது. நான் கேட்கிறேன், நாலு பேரில் ஒருவர் திருடன் என்றால், கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் எப்போதாவது சரியாக விழாதா? அப்படி விழுந்த ஒரு தடவையை ஆடியில் ஆரம்பித்துத் தை வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். விழாத தடவைகள்? "சீட்டைச் சரியா குலுக்கல." சரியாகப் போனால் தன் மூளை, தப்பாகப் போனால் சீட்டின் மேல் பழி. இப்படி ஒரு தராசு எந்தக் கடையிலும் கிடைக்காது.

வீட்டுக்குள் நடந்தவரை தாமரைச்செல்வி பொறுத்துக்கொண்டாள். அப்போதுதான் மகள் சுவேதாவுக்கு அரியாங்குப்பத்தில் இடம் அமைந்தது. பையனுக்குப் பெண்ணைப் பிடித்தது. பெண்ணுக்குப் பையனைப் பிடித்தது. எத்தனை கோயிலில் விளக்குப் போட்டு, எத்தனை வெள்ளிக்கிழமை விரதம் இருந்து அமைந்த இடம்! நிச்சயதார்த்தத்துக்கு நாள் பேசுவதற்காகப் பையனைப் பெற்றவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தார்கள். அப்பா கன்னியப்பன், சொந்தப் படகுக்காரர், அதிகம் பேசாதவர். அம்மா சின்னப்பொண்ணு, பெரிய மார்க்கெட்டில் மீன் கடை போட்டிருப்பவர். கணவர் பேசாமல் மிச்சம் வைத்ததையும் சேர்த்துப் பேசிவிடுவார்.

சாப்பிட்டுக் கை கழுவி உட்கார்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கரண்டும் போனது. பஞ்சாங்கத்தை எடுக்கலாமென்று தாமரைச்செல்வி எழுந்தாள். ஹரிகிருஷ்ணன் அதற்குள் காகிதம் கிழித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"சும்மா ஒரு ஆட்டம். ஆடுனா மனுஷன் உள்ளுக்குள்ள எப்படின்னு தெரிஞ்சிடும்."

"ஒண்ணும் தெரிய வேணாம். நாள் பேசற வேலையைப் பாருங்க."

"ஆடலாம் அண்ணி, மழைக்கு நல்லாதான் இருக்கும்!" என்றார் சின்னப்பொண்ணு, பாவம், ஆளைத் தெரியாமல்.

முதல் ஆட்டத்தில் போலீஸ் ஹரிகிருஷ்ணனுக்கே வந்தது. கன்னியப்பனை உற்றுப் பார்த்தார். கடல் வெயிலில் இடுங்கிப் போன கண் அவருக்கு. போதாதா?

"சம்பந்திதான் திருடன்!"

கன்னியப்பன் சீட்டைப் பிரித்தார். மந்திரி. திருடன் சுவேதாவிடம் இருந்தது. அவள் கைகொட்டிச் சிரித்தாள்.

அடுத்த ஆட்டத்திலும் போலீஸ் அவருக்கே. மறுபடியும் கை கன்னியப்பன் பக்கமே நீண்டது. பிரித்தால் ராணி! அந்தப் பெரிய மீசையோடு ராணி!

"அடக் கடவுளே, இத்தினி நாளா ராணிகூடவா குடும்பம் நடத்தினேன்!" என்று சின்னப்பொண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, திருடன் சீட்டு இங்க இருக்குது, கோட்டை விட்டுட்டீங்களே!"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவரைத் தவிர.

"இந்த ஆட்டத்துலயே கோளாறு," என்றார் ஹரிகிருஷ்ணன். "குருட்டுத்தனமா குலுக்கிப் போட்டா? அதிர்ஷ்டத்துக்கு இன்னா தெரியும், மீசைக்காரருக்கு ராணியக் குடுக்குது! திறமைக்கு எடமே இல்ல. நான் ஆட்டத்தையே திருத்திடறேன். இனிமே குலுக்கறது கெடையாது. நானே மொகத்தைப் பார்த்து, அவங்கவங்களுக்குப் பொருத்தமானதைக் குடுக்கறேன்."

தாமரைச்செல்வி "வேணாங்க" என்று கண்ணாலேயே கெஞ்சினாள். கண்ணைப் பார்த்தே மனசைப் படிக்கிறவருக்கு அது மட்டும் தெரியவில்லை.

சீட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டார். ராஜாவைக் கொஞ்சம் கூச்சப்பட்டுத் தானே எடுத்துக்கொண்டார். ராணி மகளுக்கு. மந்திரி சின்னப்பொண்ணுக்கு. போலீஸ் மனைவிக்கு. மிச்சம் இருந்த ஒன்றை மடித்து, மரியாதையாக இரண்டு கையாலும் கன்னியப்பனிடம் நீட்டினார்.

கன்னியப்பன் பிரித்தார். படித்தார். திருடன்.

"சம்பந்தி, குலுக்கி வந்திருந்தா சாமி குடுத்ததுன்னு சிரிச்சிக்கினே வாங்கிக்குவேன். இது நீங்க ஆளைப் பார்த்துக் குடுத்ததாச்சே?"

"ஆட்டந்தானே சம்பந்தி..."

"குலுக்கினாதான் ஆட்டம்."

சின்னப்பொண்ணு பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "எழுந்திரிங்க. மழையில நனைஞ்சா கரைஞ்சிட மாட்டோம்." சுவேதா துப்பட்டா முனையை முறுக்கியபடி நின்றாள், கண்ணில் நீர் கட்டிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். அம்மன் முன்னால் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டுப் பார்க்கிறோமே, பூசாரி பிரித்துப் பார்த்தா கையில் கொடுக்கிறார்? யாருக்கு என்ன விழுந்தாலும் யார்மேலும் வருத்தம் வரக் கூடாது என்றுதானே அதை அவளிடம் விடுகிறோம்? திருடன் சீட்டைப் பிடித்துக்கொண்டு சுவேதாவும் சின்னப்பொண்ணும் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பு குலுக்கலில் வந்த சிரிப்பு. அதை எடுத்துவிட்டால் அப்புறம் வெறும் பழிதான்.

தாமரைச்செல்வி மனசுக்குள் தாயே என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாசலை மறித்து நின்றாள்.

"யாரும் எழுந்து போவக் கூடாது! நான் போலீசு. இன்னும் திருடனைப் பிடிக்கல."

சொல்லிவிட்டுத் தன் புருஷனைக் கைகாட்டினாள்.

"ஏ தாமர, நான் ராஜா!"

"அஞ்சு பேருக்கும் பொதுவா இருந்த அதிர்ஷ்டத்தை ஒருத்தரே எடுத்து மடியில முடிஞ்சிக்கினா அதுக்குப் பேரு ராஜ்ஜியமா? திருட்டுங்க, திருட்டு!"

தோளில் மாட்டிய பை அப்படியே நின்றது. "இதாண்டா போலீசு!" என்று சின்னப்பொண்ணு வெடித்துச் சிரித்தார். கன்னியப்பன் மீசையைத் தடவினார். தடவியதற்குள்ளேயே ஒரு சிரிப்பு இருந்தது. உட்கார்ந்தார். "தங்கச்சி, நீ குலுக்கும்மா."

தாமரைச்செல்வி சீட்டுகளைச் சொம்பில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிக் கொட்டினாள். இந்தத் தடவை போலீஸ் கன்னியப்பனுக்கு. திருடன் யாருக்கு என்று கேட்கிறீர்களா? ஹரிகிருஷ்ணனின் முகத்தைப் பார்த்திருந்தால் தெருவில் போகிறவனே சொல்லியிருப்பான். வேர்த்தது, இருமல் வந்தது, சீட்டு கைக்குள் இருக்கிறதா என்று அவரே இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.

கன்னியப்பன் நிதானமாகப் பார்த்தார். "மொகத்தைப் பார்த்து எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது சம்பந்தி," என்றவர், தன் பெண்டாட்டியைக் கைகாட்டித் தோற்றுப் போனார்.

மழை விட்டது. ஆவணி வளர்பிறையில் நாள் குறித்தாயிற்று. ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை கும்பிட்டபடி நின்ற ஹரிகிருஷ்ணன் மனைவி பக்கம் திரும்பினார்.

"தங்கமான மனுஷன் தாமர. மொகத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சிக்கினேன்."

இந்த ரகம் திருந்தாது. சாமிதான் காப்பாற்ற வேண்டும். அது போகட்டும். இதைப் படிக்கும்போதே, "அட, இது நம்ம இன்னார்தான்" என்று உங்களுக்கும் ஒரு முகம் வந்து நின்றிருக்குமே, வந்ததா இல்லையா? பக்கத்து வீட்டுக்காரரோ, மச்சானோ, ஆபீசில் கூட இருப்பவரோ? நல்லது. அவர்தான் என்று நீங்கள் எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்?