ஓடாத சைக்கிளில் விழுந்து நான் செத்த கதை

தன் சாவுக்கு யார் எப்படி அழுகிறார்கள் என்று தன் காதாலேயே கேட்கிற பாக்கியம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தது. அதற்கு நான் செய்ததெல்லாம், ஓரிடத்தில் நிற்கிற சைக்கிளில் ஏறிக் கீழே விழுந்ததுதான். (ஓடுற சைக்கிள்ல இருந்து யாரும் விழுவாங்க. நிக்கிற சைக்கிள்ல இருந்து விழத் தனித் திறமை வேணும்.)

எங்கள் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்திருந்தார்கள். கண்டி மார்க்கட்டில் மரக்கறிக் கடை வைத்து, மூட்டையை முதுகில் தூக்கித் திரிந்த மனிதர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கட்டுகஸ்தோட்டை வீட்டின் முன் ஹோலில், வாசலைப் பார்த்தபடி சாய்வுக் கதிரையில் உட்கார்ந்தார். அதோடு சரி. கக்கூசுக்குப் போக மட்டும் எங்கள் மகன் செல்வத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். மற்றபடி சாப்பாடு, தூக்கம், கோபம் எல்லாம் அந்தக் கதிரையில்தான்.

"அசைஞ்சா தையல் விட்டுரும்" என்பார்.

தையல் ஆறி, பிரித்து, தழும்பும் காய்ந்துவிட்டது. ஆனால் அவர் மனதுக்குள் அது அவிழ்ந்துகொண்டே இருந்தது. தன்னைத் தூக்கிப் போகும்போது எந்தெந்தச் சொந்தக்காரன் தோள் கொடுக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லி வைத்தார். சுவரில் மாட்டவேண்டிய படத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டார். (இளமையாக இருக்கிற படம். அதில் பக்கத்தில் நின்ற என்னைப் பாதியில் வெட்டச் சொன்னார்.)

கிளினிக்கில் டொக்டர் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னை மட்டும் கூப்பிட்டார்.

"அம்மா, ஒப்பரேஷன் நல்லாத்தான் இருக்கு. இப்படியே உக்காந்திருந்தா அந்தக் கதிரைதான் இவரக் கொல்லும்."

அன்றிரவு முழுக்க அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிசியோ மிஸ்தான் வழி சொன்னார். முதுகுக்குச் சாய்மானம் வைத்து, காலை முன்னால் நீட்டி, உட்கார்ந்தபடியே மிதிக்கிற சைக்கிள் ஒன்று இருக்கிறதாம். நெஞ்சை இழுக்காதாம். முதுகுக்கும் சுகமாம். செல்வத்திடம் விவரமாகச் சொன்னார். சமமான தரையில் வைக்கவேண்டும், அடிக்கால் எல்லாம் ஆடாமல் நிற்கவேண்டும். பெடலைத் தூரமாக மிதிக்கும்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கிற மாதிரி சீட்டைத் தள்ளி வைக்கவேண்டும். தொளதொளவென்று துணி கூடாது. முதலில் லேசாக மிதிக்கவேண்டும், நெஞ்சு ஒருமாதிரி செய்தால் உடனே நிறுத்தவேண்டும், பக்கத்தில் ஒரு ஆள் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் செல்வம் தலையாட்டினான். நான் மிஸ் போட்டிருந்த சப்பாத்து நல்ல வெள்ளையாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய சைக்கிள் ஒன்றைச் செல்வம் தேடிப் பிடித்து, திரீவீலரில் ஏற்றிக் கொண்டுவந்தான். நடு ஹோலில் வைத்துப் பாகங்களைப் பூட்டினான். பார்க்க, பல் டொக்டரின் கதிரைக்கு மாடு கட்டின மாதிரி இருந்தது. தள்ளிப்போக வசதியாக முன்பக்கம் குட்டிச் சில்லுகளும் இருந்தன.

வேலைக்குப் போகும்போது செல்வம் சொன்னான்: "அம்மா, அடியில போல்ட்டு இன்னும் இறுக்கல. சீட்டும் என் காலுக்குத்தான் இருக்கு. பின்னேரம் வந்து சரி பண்றேன். அதுவரைக்கும் யாரும் ஏறாதீங்க."

"நான் ஏன் ஏறப்போறேன்" என்றேன். அந்த நேரத்தில் அது உண்மைதான்.

ஆனால் புது வண்டி ஒன்று வீட்டுக்குள் வந்திருக்கிறது. பூசை போடாமல் எப்படி விடுவது? சைக்கிளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். ஹேண்டிலில் பூச்சரம் சுற்றினேன். தரையில் விளக்கேற்றி, ஊதுவத்தி கொளுத்தி, தேங்காயும் உடைத்தேன். எலுமிச்சம்பழத்தைச் சில்லுக்கு அடியில் வைத்து நசுக்கவேண்டுமே, இது ஓடாத வண்டி ஆயிற்றே என்று யோசித்தேன். பின்பக்கத்தை லேசாகத் தூக்கி, அந்தக் குட்டிச் சில்லால் உருட்டி நசுக்கினேன். ஒரு பழம் நசுங்கியது. இன்னொன்று உருண்டுபோய்ப் பின்கால் ஒன்றின் அடியில் ஒளிந்துகொண்டது. நல்ல சகுனம் என்று விட்டுவிட்டேன். எலுமிச்சைச் சாறும் தேங்காய்த் தண்ணீரும் சிவப்புச் சீமெந்துத் தரையில் பளபளத்தன.

"வாங்க, ஏறுங்க" என்றேன் அவரிடம்.

"செல்வம் ஏறாதேன்னான்."

"அவன் வந்தா மட்டும் ஏறிருவீங்களாக்கும்?"

அவர் சைக்கிளை மேலிருந்து கீழே பார்த்தார். "நீ மொதல்ல ஏறு. ஏறி உசுரோட எறங்கினா நான் ஏறுறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் வாயிலிருந்து 'ஏறுறேன்' என்று ஒரு சொல் வந்ததே போதும் என்றிருந்தது எனக்கு. நூல்சேலையோடு ஏறினேன். சீட்டு செல்வத்தின் நீளக் காலுக்கு வைத்தது. என் கால் எட்டவில்லை. வழுக்கி வழுக்கிக் கீழே இறங்கினேன். பெடல் எட்டியபோது நான் உட்கார்ந்திருக்கவில்லை, படுத்திருந்தேன். பாதத்தைப் பட்டிக்குள் நுழைத்து இறுக்கினேன்.

"பாருங்க, எவ்வளவு சொகமா..." என்று ஒரு மிதி மிதித்தேன்.

கொசுவம் சக்கரத்துக்குள்ளே போனது. இன்னொரு மிதி மிதித்தேன். சேலை போனது. நிறுத்துவதற்குப் பதிலாக பலமாக மிதித்தேன். (ஏன்னு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.) இறுக்காத போல்ட்டு ஆடியது, பின்காலுக்கடியிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டது, சைக்கிள் பக்கவாட்டில் சரிந்தது. நான் மல்லாக்க விழுந்தேன். சைக்கிள் என் காலோடு என் மேல் படுத்தது. சேலை முழுக்கச் சக்கரத்துக்குச் சொந்தமாகிவிட்டது. நான் பாவாடையோடு கிடந்தேன். என் தலைமாட்டில் விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"என்னாங்க, வந்து இந்தப் பட்டிய அவுத்து விடுங்க!"

அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. கதிரையின் கையைப் பிடித்து எழும்பப் பார்த்தார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார். மருந்து டப்பியைத் திறந்து, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை வைத்து, வாயை மூடிக்கொண்டார். எனக்குக் கால் வலி மறந்துபோனது. நான் கீழே, அவர் மேலே, நடுவில் நாலடி தூரம். பொண்டாட்டி விழுந்து கிடந்தும் எழும்ப முடியாத மனுசன் இனி எதற்கு எழும்பப்போகிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு அந்த இரும்பை விடப் பாரமாக இருந்தது.

அப்போது வாசலில் செருமல் கேட்டது. "அண்ணே, இருக்கீங்களா?"

மரியதாஸ் தம்பி. எங்கள் சந்தின் மரண உதவிச் சங்கத்துச் செயலாளர். யார் வீட்டில் சாவு என்றாலும் கதிரை, கொட்டகை, வெள்ளைக்கொடி எல்லாம் அவர் பொறுப்பு. ஒப்பரேஷனுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அடிக்கடி சுகம் விசாரிக்க வந்துகொண்டிருந்தார். அன்புதான்.

பாவாடையோடு அவர் முன்னால் கிடப்பதா! "அந்தப் போர்வையப் போடுங்க!" என்று கிசுகிசுத்தேன். வீட்டுக்காரர் தன் மடியிலிருந்த வெள்ளைப் போர்வையை வீசினார். வெட்கத்தில் அதைச் சைக்கிளும் மறையத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டேன். மூச்சையும் அடக்கிக்கொண்டேன்.

இனி மரியதாஸ் தம்பி கண்ணால் பாருங்கள். நடு ஹோலில் வெள்ளைத் துணி மூடிய உருவம். தலைமாட்டில் விளக்கு. ஊதுவத்திப் புகை. உடைத்த தேங்காய், பூ. பக்கத்துக் கதிரையில் கணவன், புகையில் கண் கலங்கி, பேச்சில்லாமல்.

"அண்ணே... அக்காவா?"

வாயில் மாத்திரை. எங்கள் வீட்டுக்காரர் கையை மட்டும் மெதுவாக விரித்தார்.

மரியதாஸ் தம்பி 'யேசுவே' என்று முணுமுணுத்தது கேட்டது. பிறகு வாசல் கதவைச் சாத்திவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார். பாவாடை தெரியாமல் தப்பித்தேன் என்று நான் சந்தோசப்பட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அடுப்படிப் பக்கம் குசினியில் போன் அடித்தது. நின்றது. திரும்பவும் அடித்தது. எடுக்க ஆளில்லை. மாத்திரை கரைந்த பிறகும் அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.  பின்னேரம் செல்வம் வந்து தூக்கட்டும் என்று குளிர்ந்த தரையில் கிடந்தேன்.

வந்தது கமலா. என் நாத்தனார், பேராதனையில் இருக்கிறாள். சந்து முனையிலேயே திரீவீலரை நிறுத்திவிட்டு அழுதுகொண்டே ஓடி வருவது கேட்டது. போர்வையை விலக்கப்போன என் கை நின்றது. இவள் எதற்கு அழுகிறாள்? அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கமலா அவர் முகத்தைத் தன் தோளில் வைத்து அமுக்கிக்கொண்டாள். பிறகு என் தலைமாட்டில் விழுந்தாள்.

"அய்யோ அண்ணி! என்னத் தாயாட்டம் பாத்தீங்களே! ஒங்க மீன்கொழம்பு மாதிரி இந்தக் கண்டியில யாரு வப்பா!"

கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து என் குழம்பில் உப்பில்லை என்று சொன்ன வாய் அது. அப்போதே நான் போர்வையை விலக்கியிருக்கவேண்டும். விலக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் போலிருந்தது.

"தங்கமான மனுசி! வாயத் தொறந்து ஒரு சொல்லு பேசமாட்டீங்களே!"

(அதுல எனக்கே சிரிப்பு வந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.)

"அந்தச் செவப்புக்கல்லுக் காதுத்தோட்ட எனக்குத்தான்னு சொன்னீங்களே அண்ணி! சொல்லிட்டுப் போயிட்டீங்களே!"

"எப்ப சொன்னேன்?" என்று கேட்டேன் போர்வைக்குள்ளிருந்து.

அதற்குப் பிறகு கமலா போட்ட சத்தம், அதுவரை போட்டதற்கெல்லாம் சேர்த்து. போர்வையை இழுத்து, என் முகத்தைப் பார்த்து, பாவாடையைப் பார்த்து, சைக்கிளைப் பார்த்தாள். "உசுரோட இருந்தா சொல்றதில்லையா அண்ணி! வழியெல்லாம் அழுதுகிட்டே வந்தேனே!" என்று என்னை ஏசத் தொடங்கினாள். குழம்பு பழையபடி உப்பில்லாததாகிவிட்டது.

சைக்கிளைத் தூக்கிக் காலை விடுவித்தபோது கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு நொண்டினேன். வாசலில் பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாக இருந்தன. தேத்தண்ணிக்கு அண்டாவும் வந்திருந்தது. சந்தின் ஒவ்வொரு லைட் போஸ்டிலும், கீழே பாலத்து ரோடு வரைக்கும், வெள்ளைக்கொடி. மரியதாஸ் தம்பி கையில் இன்னும் ஒன்று இருந்தது. என்னைப் பார்த்ததும் அது கீழே விழுந்தது.

"அக்கா! நீங்க..."

"இருக்கேன் தம்பி. மன்னிச்சுக்கோங்க."

"இவ்வளவு சுருக்கா இவ்வளவு கொடிக்கு எங்க போனீங்க?" என்று கமலா கேட்டாள். அவள்தான் அதைக் கேட்பாள்.

குழப்பத்தில் அந்த மனிதர் உள்ளதைச் சொல்லிவிட்டார். "துணி தயாரா இருந்துச்சு அக்கா. அண்ணனுக்குன்னு வாங்கி வச்சது..."

 எனக்குப் பின்னால் கதிரை கிறீச்சிட்டது.

"எனக்கா?"

அவர் நின்றுகொண்டிருந்தார். யார் தோளும் இல்லை. ஒரு கை கதவு நிலையில், ஒரு கை நெஞ்சில்.

"அண்ணே, ஒக்காருங்க..."

"எனக்குன்னு வாங்கினதா? அப்ப நானே கழட்டுறேன்."

படியிறங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. (கமலா சொன்ன தங்கமான மனுசி அந்த ஒரு நேரம்தான் நான்.) முதல் கொடியை இழுத்தார். மூச்சு வாங்க நின்றார். அடுத்த போஸ்டுக்குப் போனார். எங்கள் சந்து நல்ல இறக்கம். ஒவ்வொரு போஸ்டிலும் கையை ஊன்றிக்கொண்டு நின்று நின்று போனார். போர்வையோடு நான் பின்னால் நொண்டினேன். எனக்குப் பின்னால் கமலா, அவளுக்குப் பின்னால் மரியதாஸ் தம்பி. பார்க்கிறவர்களுக்கு அது ஊர்வலமாகவேதான் தெரிந்திருக்கும்.

"யாரு தவறினது?" என்று கடைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"இன்னும் முடிவாகல" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

பாலத்து ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினான் செல்வம். அம்மா செத்துப்போனாள் என்று போன் வந்து, வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தவன். அப்பா கை நிறைய வெள்ளைக்கொடியோடு நடந்து வருகிறார், பின்னால் அம்மா போர்வை சுற்றி வருகிறாள். ரோட்டோரத்திலேயே குந்திவிட்டான். "நான் ஏறாதீங்கன்னு சொன்னேனா இல்லையா!" என்று கத்தினான். அப்புறம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அந்த அழுகையை மட்டும் நான் கேட்காமலே இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு ஏறி வர அவருக்குத் திரீவீலர் வேண்டியிருந்தது. அன்றைக்கே செல்வம் தரையைக் கழுவித் துடைத்தான். போல்ட்டை இறுக்கி, அடிக்கால்களைத் திருகிச் சமப்படுத்தினான். அப்பாவை மெதுவாக உட்கார வைத்து, காலை நீட்டச் சொல்லி, முழங்கால் மடங்குகிற அளவுக்குச் சீட்டைத் தள்ளினான். பூசை போடுவதென்றால் இனி எட்ட நின்று போடவேண்டும் என்று எனக்கு உத்தரவு.

"நீங்க சத்தியம் பண்ணீங்க" என்றேன். "நான் உசுரோட எறங்கிட்டேன். சந்தே சாட்சி."

அவர் முறைத்தார். மிதித்தார். மெதுவாக மிதித்தார். மறுநாளும் மிதித்தார். அடுத்த மாதம் கடைக்குப் போய் உட்கார்ந்தார். பல வருசம் மிதித்தார். சாய்வுக் கதிரையில் பூனை படுத்தது.

போன வருசம் ஒரு விடியற்காலை, தூக்கத்திலேயே, அவர் உண்மையாகவே போய்விட்டார். கொழும்பில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் பிள்ளைகளோடு வந்தாள். கமலா வந்தாள். வீடு நிறைய அழுகை. மரியதாஸ் தம்பி வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. கடைசியில் கிட்ட வந்து, போர்வையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார். காலைத் தொட்டுப் பார்த்தார். என் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்:

"அக்கா, நல்லாப் பாத்துட்டீங்களா?"

முதலில் செல்வம்தான் சிரித்தான். பிறகு கமலா. பேரப்பிள்ளைகளுக்குக் கதை தெரியும், அதுகளும் சிரித்தன. சாவு வீடே குலுங்கியது. நானும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"பாத்துட்டேன் தம்பி" என்றேன். "கொடியக் கட்டுங்க."