ரெண்டே ரெண்டு நாள்

"டாக்டர், டவல் எங்க இருக்கு?"

மாடி அறைக்கு அன்று காலை வந்த ஆள், தலை நிறைய சோப்பு நுரையோடு கிளினிக் வாசலில் நின்றார். வாயைப் பிளந்தபடி கிடந்த நோயாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பல் டாக்டர் மாடியை நாள் வாடகைக்கு விட்டது காசுக்கு ஆசைப்பட்டு அல்ல, மச்சானுக்குப் பயந்து. மனைவியின் அண்ணனான அவர், "ரெண்டே ரெண்டு நாள்" என்று பெட்டியோடு வந்து காலியாக இருக்கும் மாடியில் தங்குவார். மாசக்கணக்கில் நகர மாட்டார். பொழுது போகாமல் கிளினிக்கில் உட்கார்ந்து, "இந்தப் பல்லையா பிடுங்கச் சொன்னாரு? உப்புத் தண்ணியில கொப்பளிங்க, போதும்" என்று நோயாளிகளைத் திருப்பி அனுப்புவார். போன தடவை பாதிப் பேர் அடுத்த தெரு டாக்டரிடம் போய்விட்டார்கள். இன்னொரு தடவை வந்தால் கிளினிக்கை இழுத்து மூட வேண்டியதுதான்.

புதன்கிழமை மாடிக்கு ஆள் வரவில்லை. உடனே மச்சானிடமிருந்து போன். "மாப்ள, மாடி காலியாமே?"

"உங்க அண்ணனுக்கு யாரு சொன்னது?" என்று மனைவியிடம் பாய்ந்தார் டாக்டர்.

"நீங்கதான் நெட்ல போட்டிருக்கீங்களே, 'இன்று காலி'ன்னு!"

டாக்டர் வாடகையைப் பாதியாகக் குறைத்தார். கூட்டம் அள்ளியது. ஒருவர் சாவியைத் தொலைத்தார், ஒருவர் குழாயைப் பிடுங்கினார். டாக்டர் போர்வை துவைக்கப் போன நேரத்தில் நோயாளிகள் எழுந்து போனார்கள். வெறுத்துப்போய், ஆள் வராத நாட்களில் தன் பெயரிலேயே புக் செய்தார்.

"நம்ம வீட்டுக்கு நாமளே வாடகையா? இதுக்கு எங்க அண்ணனே தேவலாம்!" என்றாள் மனைவி.

மாதக்கணக்கில் விடுவது என்று டாக்டர் முடிவு செய்தார். விளம்பரம்கூடப் போடவில்லை, மறுநாளே ஓர் இன்ஜினியர் வாசலில் நின்றார்.

"பாலம் வேலைக்கு வந்திருக்கேன் சார். மூணு மாசம். முழு வாடகையும் இப்பவே தந்துடறேன்."

டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. கையெழுத்து காய்வதற்குள் மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான், மூணு மாசத்துக்கு மாடி ஃபுல்! ஒரு நாள்கூடக் காலி இல்ல!"

"ரொம்ப சந்தோஷம் மாப்ள," என்றார் மச்சான், உண்மையான சந்தோஷத்தோடு.

ஜெயித்துவிட்டோம் என்ற குஷியில், அன்று பிடுங்கிய பல்லுக்கெல்லாம் டாக்டர் காசே வாங்கவில்லை.

சாயங்காலம் இன்ஜினியர் சாமான்களோடு வந்து தலையைச் சொறிந்தார்.

"சார், ஒரு சின்ன விஷயம். இந்த ரூமைப் பத்தி எனக்குச் சொன்னதே ஒரு அண்ணன்தான். பெட்டியோட வெளியில நிக்கிறாரு. ரெண்டே ரெண்டு நாள் என்கூடத் தங்கிக்கட்டுமா?"