பனியன் ஓட்டையில் நிலா

"நிலாவைப் படம் பிடித்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்கூட விழுவதில்லையே, ஏன் ஐயா?"

இந்த ஒரு வரிதான் ராஜகோபாலைக் குளியலறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட வைத்தது.

வயிற்றில் கோளாறு ஒன்றுமில்லை. பதில் தெரியவில்லை. அவ்வளவுதான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து போனைத் துழாவிக்கொண்டிருந்தார். அந்த மூலையில் சிக்னலும் ஒழுங்காக வந்து தொலைக்கவில்லை.

கேள்வி வந்தது வாட்ஸ்அப் குழுவில். 'தில்லி வான் நோக்கர் வட்டம்' என்று பெயர். ஊரில் இருக்கிற தமிழர்களில் வானத்தைப் பார்க்கிறவர்கள், பார்ப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். தொடங்கி வைத்தவர் ராஜகோபால். ஆகவே அங்கே அவர் வைத்ததுதான் வானம். மற்றபடி அவருக்கு ஆர்.கே.புரத்தில் ஒரு அரசுக் குவார்ட்டர்ஸும், ஏதோ ஒரு அமைச்சகத்தில் ஃபைலை இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு அனுப்புகிற வேலையும் உண்டு. ஆபீசில் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. குழுவில் கேட்டார்கள். அந்த ருசி பொல்லாதது. ஒருமுறை நாக்கில் பட்டால் விடாது.

கதவு தடதடத்தது. மனைவி ஜலஜா.

"என்னங்க, உள்ளயே குடித்தனம் பண்ணப் போறீங்களா? தண்ணி நின்னுடும். ஜல்தி வாங்க."

"இரு. ஒரு முக்கியமான கேள்வி."

"பாத்ரூம்ல என்ன கேள்வி?"

"குரூப்ல. உனக்குப் புரியாது."

"சும்மா சொல்லுங்க. எனக்குப் புரியலன்னா அந்த வாளிக்காவது புரியட்டும்."

சொன்னார். வெளியே யோசிக்கிற சத்தமே கேட்கவில்லை. பதில்தான் கேட்டது.

"பஸ் ஸ்டாப்புல நிக்கிறப்ப பஸ் ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டு நேரா மூஞ்சிக்கு வருதே, அப்ப பஸ் நம்பர் தெரியுதா?"

"தெரியாது."

"நம்பர் அங்கதானே இருக்கு?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? நிலாதான் ஹெட்லைட்டு. வெளிய வாங்க."

ராஜகோபால் வெளியே வரவில்லை. டைப் அடித்தார்.

'அருமையான கேள்வி, ஆர்வலர் ஐயா! நிலவின் பேரொளிக்கு ஏற்பக் கேமரா தன் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறது. மங்கலான நட்சத்திரங்கள் அதில் பதிவதில்லை. பேருந்தின் முகப்பு விளக்கு கண்ணில் அடிக்கும்போது பேருந்தின் எண் தெரியாதல்லவா? இந்த உவமை எனக்கு நெடுநாள் முன்பே தோன்றியது.'

கடைசி வரி பச்சைப் பொய். ஆனால் அதற்குத்தான் அதிகம் கைதட்டல் விழுந்தது.

அவர் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் ஆர்வலரின் பதிலும் வந்துவிட்டது. அதைக் கூடத்தில் நின்று சத்தமாகவே படித்தார். "'ஆஹா! இந்த உவமை யாருக்கு வரும் ஐயா! உங்கள் வீட்டில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.' கேட்டியா ஜலஜா?"

"கேட்டேன் கேட்டேன்" என்றாள் ஜலஜா, அரிசி களைந்துகொண்டே. "ரொம்பத்தான் கொடுத்து வெச்சிருக்கு."

யார் இந்த ஆர்வலர்? யாருக்கும் தெரியாது. குழுவில் பெயர் 'ஓர் ஆர்வலர்' என்று மட்டும் இருந்தது. சில மாதங்களுக்கு முன்னால் சேர்ந்தவர். முகப்புப் படமாக வெளிறிய வட்டம் ஒன்றை வைத்திருந்தார். மேலெல்லாம் கொப்புளம், விரிசல், பழுப்புத் திட்டு. அது வியாழனின் நிலாக்களில் ஒன்றான யூரோப்பா என்று ராஜகோபால் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தார். 'பனிப்பரப்பின் விரிசல்கள்' என்று அதைப்பற்றி ஒரு பத்தி எழுதிக் குழுவில் போட்டார். 'வணங்குகிறேன் ஐயா' என்று ஆர்வலர் பதில் போட்டார்.

அன்றிலிருந்து ராஜகோபாலின் மனசில் ஆர்வலருக்கு ஒரு உருவம் வந்துவிட்டது. ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் ஓய்வு பெற்றவர். வெள்ளைத் தாடி. மயூர் விஹாரில் புத்தகத்துக்கு நடுவே வசிக்கிறார். சர்க்கரை இல்லாத காபி. இப்படிப்பட்ட ஒருவர் தன்னை 'ஐயா' என்கிறார்! அவரை ஒருநாள் நேரில் பார்த்துவிட வேண்டும், அவர் வாயால் ஒரு 'சபாஷ்' வாங்கிவிட வேண்டும். வாழ்க்கையில் வேறு ஆசை இல்லை.

ஜலஜாவும் ஒரு காலத்தில் கேள்வி கேட்டவள்தான். ஒருநாள் அவர் போனில் வானத்து வாயு மேகம் ஒன்றின் படம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊதாவும் பச்சையும் ரோஜாவுமாக யாரோ கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. ஜலஜா தோள்வழியே எட்டிப் பார்த்து, "இந்தக் கலரெல்லாம் நிஜமாங்க? நேர்ல போய்ப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள்.

"உனக்குச் சொன்னாப் புரியாது. ரசம் பொங்குது பாரு, போ."

அவள் போனாள். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு ஆர்வம் போய்விட்டது என்று இவர் நினைத்துக்கொண்டார். நிலாவுக்கென்றே புது போன் வாங்கினார். பழைய போன் ஜலஜா பாட்டுக் கேட்கட்டும் என்று சமையலறைக்குப் போனது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கருவேப்பிலை வாங்கப் போனவள் அதற்கு ஒரு சிம் கார்டும் வாங்கி வந்தாள். அவர் கவனிக்கவில்லை. கருவேப்பிலையையே கவனிக்காதவர்.

இதற்கிடையில் கிரகணம் ஒன்று நெருங்கியது. ஹோலிக்கு முந்தின நாள் சாயங்காலம். தில்லியில் நிலா எழும்போதே ஒரு வாய் கடிபட்டுத்தான் எழும், கொஞ்ச நேரத்தில் முழுசாகிவிடும். கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு படம் எடுத்துக் குழுவையே மயக்கிவிடுவது என்று ராஜகோபால் சபதம் செய்தார். கையோடு ஆர்வலருக்கும் அழைப்பு விடுத்தார்: 'எங்கள் மொட்டை மாடிக்குத் தாங்கள் வர வேண்டும். என் பக்கத்தில் நின்றால் போதும், அதுவே என் பாக்கியம்.'

'உங்கள் பக்கத்தில்தான் இருப்பேன், ஐயா' என்று பதில் வந்தது.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறைக்கு ஓடினார். "ஜலஜா, நாளைக்கு ஒரு பெரிய மனுஷர் வர்றார். பஜ்ஜி போடு."

"கிரகணத்துல எவளாவது எண்ணெய்ச் சட்டி வெப்பாளா? அவரும் சாப்பிட மாட்டாரு."

"அவர் சாப்பிட மாட்டார்னு உனக்கெப்படித் தெரியும்?"

"பெரிய மனுஷங்க சாப்பிட மாட்டாங்க" என்றாள் ஜலஜா.

மறுநாள் சாயங்காலம். ஜலஜா இட்லி மாவின் மேல் தர்ப்பைப் புல்லைப் போட்டாள். ஊறுகாய் ஜாடிமேல் போட்டாள். தயிர்மேல் போட்டாள். பிறகு சொன்னாள்: "என்னங்க, பின் பால்கனிக் கொடியில துணி கெடக்கு. கிரகணம் படறதுக்குள்ள எடுத்துடுங்க. ஹோலிப் பசங்க வேற கலர்த்தண்ணி பலூனும் கையுமா அலையறானுங்க."

"அச்சா, அச்சா" என்றார் ராஜகோபால். காது கேட்டது. கால் மாடிப்படி ஏறியது.

மொட்டை மாடியில் ஆர்வலருக்கு ஒரு நாற்காலி போட்டார். துண்டால் துடைத்தார். கீழ் வீட்டு ஈரோட்டுக்காரர் குழந்தைசாமி அதில் உட்காரப் போனார்.

"சார், அது ஒருத்தருக்கு ரிசர்வ்."

"யாருங்க வர்றாங்க?"

"பெரிய விஞ்ஞானி."

"அப்ப நான் நின்னுக்கறனுங்க" என்றார் குழந்தைசாமி. நல்ல மனுஷர்.

விஞ்ஞானி வரவில்லை. நிலா வந்துவிட்டது. எதிர் பிளாக் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், புகைமூட்டத்துக்குள்ளிருந்து, யாரோ கடித்து வைத்த மாதிரி எழுந்தது. ராஜகோபால் ஸ்டாண்டில் போனை மாட்டினார். அமுக்கினார். பார்த்தார். வெள்ளையாக ஏதோ உப்பியிருந்தது. மறுபடி அமுக்கினார். இன்னும் கொஞ்சம் உப்பியது.

குழந்தைசாமி எட்டிப் பார்த்தார். "இட்லிங்களா சார்?"

"நிலா."

"அப்படீங்களா. நல்லா வெந்திருக்குதுங்க."

அந்த நேரம் பார்த்துக் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. அனுப்பியவர் ஓர் ஆர்வலர்.

அடடா, என்ன படம் அது! நாலு பக்கமும் கறுப்பு. நடுவில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள்ளே கச்சிதமாக, கடிபட்ட நிலா. தொட்டால் கையில் ஒட்டிக்கொள்ளும்போல. குழுவே எழுந்து ஆடியது. 'என்ன கலைநயம்!' 'எந்தத் தொலைநோக்கி ஐயா?' ராஜகோபாலுக்குப் பொறாமைகூட வரவில்லை. உடனே எழுதினார்: 'மகத்தான படம்! அந்தக் கறுப்புத் திரை எங்கே கிடைக்கும், ஐயா?'

பதில் வருவதற்குள் குழந்தைசாமி தன் போனில் படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிவிட்டார்.

"சார், இது திரை இல்லீங்க. பனியனுங்க."

"பனியனா?"

"உங்க பனியனுங்க."

"எப்படிச் சார் சொல்றீங்க?"

"தெனமும் என் பால்கனியில சொட்டறதுங்க. இதோட ஓட்டையெல்லாம் எனக்கு மனப்பாடமுங்க."

ராஜகோபால் படி இறங்கியதாக ஞாபகம் இல்லை. இறங்கிவிட்டிருந்தார். பின் பால்கனியில் ஜலஜா நின்றிருந்தாள். கையில் பழைய போன். எதிரே கொடியில் அவருடைய பனியன், இரண்டு கிளிப்போடு, விறைப்பாக.

"ஜலஜா."

"வாங்க ஐயா."

"ஆர்வலர்... நீயா?"

"பக்கத்துலதான் இருப்பேன்னு சொன்னேனே."

அவருக்கு வெள்ளைத் தாடி உதிர்ந்தது. மயூர் விஹார் இடிந்தது. ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. "அந்த யூரோப்பா?"

"எது?"

"அந்த முகப்புப் படம். வியாழனோட நிலா."

"அது அப்பளம்ங்க."

அவர் பால்கனிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சுடறப்ப கொஞ்சம் கருகிடுச்சு. தூக்கிப் போட மனசு வரல. அழகா இருந்துச்சு. நீங்களும் அழகாத்தான் எழுதியிருந்தீங்க."

"ஏன் ஜலஜா இப்படி?"

"நேர்ல கேட்டா ரசம் பொங்குது. போன்ல கேட்டா அருமையான கேள்வி." அவள் சிரிக்கவில்லை. "பாதிக்குப் பதில் எனக்கே தெரிஞ்சுதுங்க. பதிலுக்காகக் கேக்கல. 'அருமையான கேள்வி'ன்னு சொல்றீங்களே, அது எனக்கு வேணும்னு இருந்துச்சு."

ராஜகோபால் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அவருக்கு அது வராது. பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு வந்தது அதுதான்.

"அந்தக் கலரு" என்றார். "நிஜமான்னு கேட்டியே. எனக்குத் தெரியாது ஜலஜா. அன்னிக்கும் தெரியாது."

"அது அன்னிக்கே தெரியும். அடுப்பே பத்த வெக்கல, ரசம் எங்கேருந்து பொங்கும்?"

நிலா கொஞ்சம் மேலே வந்திருந்தது. ஜலஜா மோவாயால் அதைக் காட்டினாள். "கடிச்ச இடம் ஏன் வளைவா இருக்கு?"

"அது பூமியோட நிழல். பூமி உருண்டை. நிழலும் உருண்டையாத்தான் விழும்."

"அப்ப அந்த நிழல்ல நாமளும் இருக்கமா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

"அருமையான கேள்வி" என்றார். "இருக்கோம். ஓரமா எங்கயாவது."

"நம்ம கொடியும்?"

"கொடியும்."

"உங்க பனியனும்?"

"அதுவும்தான்." திடீரென்று அவருக்கு ஒரு பிடி கிடைத்தது. நிமிர்ந்தார். "பாத்தியா, நான் மட்டும் துணியை எடுத்திருந்தா உனக்கு இந்தப் படமே கிடைச்சிருக்காது."

"நீங்க எடுக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதானே காலையிலயே ஓட்டை எந்த உயரத்துக்கு வரணும்னு பாத்து கிளிப் மாட்டினேன்."

அவர் பிடியை விட்டுவிட்டார்.

"இப்பவாவது எடுங்க. விடிஞ்சா எதிர்மாடிப் பசங்க நம்ம பால்கனியைத்தான் குறி வெப்பானுங்க."

"எடுக்கறேன். இரு, அது முழுசா ஆகட்டும்."

நிலா முழுசானது. அதற்குப் பிறகும் இருவரும் அங்கேயே நின்றிருந்தார்கள். அவள் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் பாதிக்குப் பதில் சொன்னார், மீதிக்குத் தெரியாது என்றார். தெரியாது என்று சொல்வது இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியம்.

மறுநாள் காலை குழுவில் ஆர்வலரிடமிருந்து ஒரு படம். ஊதா, பச்சை, ரோஜா என்று ஒன்றுக்குள் ஒன்று வழிந்து பரவிய ஒரு மேகம். நடுநடுவே ஓட்டைகள். ஓட்டைக்குள்ளே வெளிச்சம். 'எந்த வாயு மேகம் இது?' 'எத்தனை ஒளியாண்டு தூரம்?' என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். குழந்தைசாமி மட்டும் ஒரு கும்பிடு போட்டார்.

அதன் கீழே ஆர்வலரின் கேள்வி: 'இந்தக் கலரெல்லாம் நிஜமா, ஐயா?'

ராஜகோபால் இந்த முறை குளியலறைக்குள் ஓடவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, எல்லாரும் படிக்கும்படி எழுதினார்:

'அருமையான கேள்வி, அம்மா. நிஜம்தான். கொடியிலிருந்து எடுக்கச் சொன்னீர்கள். எடுக்கவில்லை.'