சேதுராமனின் ஆடாத கல்யாணப் படம்

கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் பாயசத்தில் இனிப்பு போதவில்லை என்று சொல்கிறவர்களை மன்னித்துவிடலாம். மணமேடைக்கு முன்னால் நின்று மறைக்கிறவர்களைக்கூட மன்னித்துவிடலாம். இன்னொரு பிறவி இருக்கிறது. வீட்டுக் கல்யாணத்தைத் தானே வீடியோ எடுத்து, தானே வெட்டி ஒட்டி, தானே டிஸ்க்கில் பதிந்து, அதற்குள் மணமக்களுக்குப் பிள்ளை பிறந்தாலும் "தரம் முக்கியம்லா" என்று சொல்லும் பிறவி. தரக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

காஜா பெராங்கில் அவர் பெயர் சேதுராமன்.

மலேசியச் சுதந்திரத்துக்கு ஐம்பது வயது என்று காருக்குக் கார் கொடி பறந்த அந்த ஆகஸ்டில், அவர் மகள் சந்திரமதியின் கல்யாணத்தோடு கணினி அறைக்குள் அடைந்து கிடந்தார். ஒரு டிஸ்க்கில் அதிக நேரம் திணித்தால் படம் கட்டங்கட்டமாக உடையும், ஆகவே சுருக்க வேண்டும். நகலிலிருந்து நகல் எடுத்தால் படம் வெளுத்த வேட்டியாகிவிடும், ஆகவே ஒவ்வொரு தடவையும் மூல டேப்பிலிருந்தே தொடங்க வேண்டும். பதியும்போது நிதானமாகப் பதிய வேண்டும், அந்த நேரத்தில் மிக்ஸி ஓடக்கூடாது, மனைவி பாக்கியலட்சுமி நடக்கவும் கூடாது. நடந்தால் என்னவாம்? மேசை ஆடும். ஆடினால்? தரம் போகும்.

"சட்னி அரைக்கணும்ங்க."

"டிஸ்க் ஓடுது. இன்னிக்குத் தோசைக்குச் சீனி தொட்டுக்குவோம்லா."

கிளேபாங்கில் சம்பந்தி பொன்னுதுரை காத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து, ஒரே மகன் தாலி கட்டிய நேரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்த மனிதர் அவர். "தாலி கட்டறத மட்டும் பார்த்துட்டாப் போதும் சம்பந்தி" என்று வாராவாரம் போன் செய்வார். அந்த மனிதருக்குப் போய் மங்கலான படத்தைக் காட்டுவதா? சேதுராமனுக்கு மனசு கேட்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்.

ஒருவழியாக டிஸ்க் பிறந்தது. குடும்பமே கிளேபாங் போனது. அடடா, என்ன படம்! சேலையில் ஜரிகை இழையை எண்ணலாம். ஐயர் காதோர மயிரையும் எண்ணலாம். சேதுராமன் டிவியைப் பார்க்கவில்லை, கட்டிலில் சாய்ந்திருந்த சம்பந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் தாலியை எடுத்தார். மாப்பிள்ளை கையில் கொடுத்தார். திரை முழுக்க ஒரு ரோஜா விரிந்தது. ரோஜா மறைந்தபோது மணமக்கள் அக்கினியைச் சுற்றி முடித்திருந்தார்கள்.

"சம்பந்தி, என் மகன் தாலி கட்டினானா, இல்லியா?"

"கட்டினாரு சம்பந்தி. அந்த இடத்துல படம் ஆடுதுலா. வெட்டிட்டேன்."

"அலாமாக்!" பாக்கியலட்சுமி தலையில் கை வைத்தாள். சந்திரமதி அப்பாவின் பையைத் திறந்தாள். மூல டேப்பை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் தரக்காரர் குலத்துக்கே இழுக்கல்லவா? கேமராவும் டேப்பும் உள்ளேயே இருந்தன. கேமராவை நேராக டிவியில் சொருகினாள்.

கெட்டிமேளம் கொட்டியது. தாலி, மண்டபத்துக் கூரை, யாரோ ஒருவரின் முழங்கை, மறுபடியும் தாலி என்று படம் ஆடு ஆடென்று ஆடியது. மேளத்தையும் மீறி, கேமராவுக்குப் பின்னால் ஓர் ஆண்பிள்ளை தேம்பித் தேம்பி அழும் சத்தம். சேதுராமன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வெட்டியது ஆட்டத்துக்காக அல்ல, அந்தச் சத்தத்துக்காக என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பொன்னுதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுதாம்மா படம். இன்னொரு தடவ போடு."

"நானே போடுறேன் சம்பந்தி" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார் சேதுராமன். "ஆனா உங்க டிவியில செவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு. கொறைச்சிட்டுப் போடவா?"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அந்த ஐயரின் காது மயிரை வெட்டியிருந்தால் இந்தக் கட்டுரை இன்னும் தரமாக இருந்திருக்குமே என்று படிக்கும்போது உங்களுக்கு ஒரு கணம் தோன்றியிருந்தால், தயவுசெய்து எழுந்து போய், உங்கள் வீட்டில் யாராவது சட்னி அரைக்கக் காத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.