விதிமுறைப்படி இறந்துபோன மாமனார்

சட்டத்தை மீறி மாட்டிக்கொண்டவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். சட்டத்தை வரிக்கு வரி மதித்து, அந்த மரியாதையாலேயே உயிரோடிருந்த மாமனாரைச் சாகடித்தவன் மலாக்கா மாநிலத்தில் நான் ஒருவன்தான். 'அப்போது சின்னப் பையன்' என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. எனக்கு முப்பத்தொன்பது வயது. தொப்பை இருந்தது, மூக்குக்கண்ணாடி இருந்தது. மூளை மட்டும் விடுப்பில் இருந்தது.

ஆயர் குரோவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியதும், மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு கம்பெனிக்கு ஏஜென்ட் ஆனேன். கடைக்காரர்களின் விளம்பரத்தை ஒரே தட்டில் ஆயிரம் பேர் போனுக்கு அனுப்பும் தொழில். புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் தலைமை அலுவலகம். (கிளை அலுவலகம் கட்டில்.) கார்டில் 'நிர்வாக இயக்குநர்' என்று அச்சடித்திருந்தேன். இயக்க ஆளில்லை; நிர்வகிக்க என் மனைவி கோமதி விடவில்லை.

எனக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் எங்கள் பழைய தோட்டத்து மரண சகாயச் சங்கம். ரெம்பியா பக்கம் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தை விற்றபிறகு ஆட்கள் மூலைக்கு ஒருவராகச் சிதறிவிட்டார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் "பாக்கலாம்லா" என்பார்கள். சாவு என்றால் ஜொகூரிலிருந்துகூட வந்து நிற்பார்கள். பாதிப் பேரிடம் இன்னும் பட்டன் போன். அதனால் சங்கச் செயலாளர் வேலு அண்ணன் வீடு வீடாகப் போய், "சாவுச் சேதி சொல்லத்தான்" என்று நானூறு பேரின் நம்பரை வாங்கி என்னிடம் ஒப்படைத்திருந்தார். யாராவது தவறினால் செய்தி அனுப்புவது என் சேவை.

"செத்துட்டாருன்னெல்லாம் போடாத தம்பி. காலைல எந்திரிச்சதும் அதையா பாக்குறது? யாரு வீடு, எந்த ஊரு, எத்தன மணி. போதும்லா. நம்ம ஆளுங்களுக்குப் புரியும்" என்று சொல்லியிருந்தார்.

நன்றாகவே புரிந்தது. கம்பெனியின் ஐந்து இலக்க எண்ணிலிருந்து டிங் என்று ஒரு சத்தம் வந்தால் போதும், ஆட்கள் வெள்ளைச் சட்டையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்த நேரத்தில்தான் என் மாமனார் கடை திறந்தார். தோட்டத்தில் லோரி ஓட்டியவர் என்பதால் ஊருக்கெல்லாம் அவர் லோரி பெருமாள். அறுபத்தெட்டு வயதில், சொந்த லோரியை விற்று, ரெம்பியாவில் வீட்டின் முன்பக்கத்தை இடித்து வாழை இலைச் சாப்பாட்டுக் கடை போட்டார். சமையல் அவரே. திறப்பு நாள் ஞாயிற்றுக்கிழமை, முந்நூறு பேருக்கு இலவசச் சாப்பாடு.

"மொத நாளு தோட்டத்து ஆளுங்க வந்து தின்னுட்டு நாலு பேருகிட்ட சொன்னாத்தான் மாப்பிள்ள கடை நிக்கும். இல்லேன்னா லோரியும் போச்சு, கடையும் போச்சு."

"ஆளுங்கள நான் கொண்டாரேன் மாமா" என்றேன்.

கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவர் என்னை நம்பி ஒப்படைத்த முதல் வேலை அது. (அதற்கு முன் ஒரு தடவை லோரி டயருக்குக் காற்றடிக்கச் சொன்னார். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.)

விளம்பரத்தைக் காவியமாக எழுதினேன். ஆட்டுக்கறிப் பிரட்டல், ரசம், அப்பளம், கடைக்கு வழிகாட்டும் இணைப்பு. கம்பெனியில் செய்திகளைச் சரிபார்க்கும் ஃபரிடா அரை மணி நேரத்தில் அழைத்தாள்.

"லிங்க் தாக் போலே, அங்கிள்."

கூடாதாம். மோசடிக்காரர்கள் இணைப்பு அனுப்பி ஊரை ஏமாற்றுவதால், வியாபாரச் செய்தியில் இணைப்பே இருக்கக்கூடாது என்பது அரசாங்க விதி. சரி என்று இணைப்பை எடுத்துவிட்டு மாமாவின் போன் நம்பரைப் போட்டேன்.

"நம்பரும் தாக் போலே, அங்கிள்."

நம்பரை எடுத்துவிட்டு, 'உங்கள் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் பதிலாக அனுப்பவும்' என்று எழுதினேன். சொந்த விவரம் கேட்பதும் தாக் போலே. செய்தியைப் பெறுபவருக்குச் செலவில்லை என்று காட்ட, முதலில் RM0, அதாவது பூஜ்ய ரிங்கிட், என்று போட்டே ஆக வேண்டும். கடைசியில் இன்னொரு குண்டு: தமிழில் எழுதினால் ஒரு செய்திக்கு எழுபது எழுத்துதான். அந்தக் கம்ப்யூட்டர் நம் கொம்பையும் காலையும் புள்ளியையும் தனித்தனி எழுத்தாக எண்ணும். அதன் கணக்கில் 'ஆட்டுக்கறிப் பிரட்டல்' ஒரு நாவல்.

"உங்க பழைய மெசேஜ் எல்லாம் ரொம்ப சுத்தமா இருக்கே அங்கிள். ஒருநாளும் ரிஜெக்ட் ஆனதில்ல. அதே மாதிரி எழுதுங்களேன்" என்றாள் ஃபரிடா.

ஆஹா, என்ன ஒரு யோசனை! போன மாதத்துச் செய்தியைத் திறந்தேன். பெயரை மாற்றினேன், கிழமையை மாற்றினேன்.

'RM0 லோரி பெருமாள் வீடு, ரெம்பியா. ஞாயிறு காலை 11. அனைவரும் வரவும்.'

அறுபத்தாறு எழுத்து. இணைப்பு இல்லை, நம்பர் இல்லை, விதிமீறல் இல்லை. ஃபரிடா பச்சைக்கொடி காட்டினாள். திரையில் ஒரு பெட்டி மட்டும் மிச்சம்: 'இந்த எண்களுக்கு உரியவர்கள் இச்செய்தியைப் பெறச் சம்மதித்துள்ளார்களா?' நானூறு பேரும் வேலு அண்ணனிடம் சம்மதித்தவர்கள்தானே? டிக் போட்டேன். (எதற்குச் சம்மதித்தார்கள் என்று பெட்டியும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) சனிக்கிழமை மத்தியானம் நானூறு போனும் டிங் என்றன.

நீங்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். நான் அன்றைக்கு விசிலடித்துக்கொண்டு வாழை இலை வாங்கப் போனேன்.

கடைத்தெருவில் கனி பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்தில் முன்பு மளிகைக் கடை வைத்திருந்தவர், அவர் நம்பரும் பட்டியலில் உண்டு.

"சேதி பாத்தேன் தம்பி. தங்கமான மனுசன். நல்லா இருந்தாரு."

"இனிமே இன்னும் நல்லா இருப்பாரு பாய்" என்றேன்.

அவர் என் இறைநம்பிக்கையைக் கண்டு கண் கலங்கினார். நான் வியாபாரத்தில் நமக்கு இவ்வளவு ஆதரவா என்று நெகிழ்ந்தேன்.

ஒருவராவது போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். சாவு வீட்டுக்கு யாரும் போன் போடுவதில்லை, நேரில்தான் வருவார்கள். சந்தேகப்பட்ட சிலர் வேலு அண்ணனைக் கேட்டிருக்கிறார்கள். அவரோ, "மருமவனே அனுப்பியிருக்கான், பொய்யாவா இருக்கும்?" என்று நானூறு பேருக்கும் சேர்த்து முத்திரை குத்திவிட்டார்.

ஞாயிறு பத்தரைக்கெல்லாம் ரெம்பியாவில் கார்கள் வரிசைகட்டின. வாசலில் கொட்டகை, அதன்கீழ் பிளாஸ்டிக் நாற்காலிகள். வந்தவர்களுக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. மாமா பின்கட்டில் ரசத்தோடு போராடிக்கொண்டிருந்தார். கோமதி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். வரவேற்புக்கு நான், பட்டு ஜிப்பாவில், வாயெல்லாம் பல்லாக.

முதல் காரிலிருந்து இறங்கிய அக்கா என் ஜிப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா தம்பி, இப்படி நிக்கிற?"

"சந்தோசமான நாளுக்கா! இருந்து சாப்பிட்டுத்தான் போவணும்."

அக்கா பக்கத்தில் இருந்தவரிடம், "பாவம், அதிர்ச்சில கலங்கிப்போச்சு" என்றார். அடுத்த கார் கதவு திறக்கும்போதே ஒப்பாரியும் இறங்கியது. அதற்கடுத்த வேனிலிருந்து மலர்வளையம். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. கடை திறப்புக்குச் சீனர்கள் தட்டியில் பூ வைத்து அனுப்புவதில்லையா, அது மாதிரிதான் என்று வாங்கி வாசலில் சாய்த்து வைத்தேன்.

விளங்க வைத்தவர், தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த மண்டோர் ராமசாமி. பதினோரு வருடத்துக்கு முன் கோயில் திருவிழாவில் மாமா லோரியைப் பின்னால் எடுத்தபோது அவருடைய மோட்டார் சைக்கிள் நசுங்கியது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஒரே சாவு வீட்டில் எதிரெதிர் மூலையில் உட்காருவார்கள். அந்த ராமசாமி வாசலில் வந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினார்.

"டேய் பெருமாளு! மோட்டார இடிச்சது நீ இல்லடா! நான்தான்டா குறுக்க விட்டேன்! சொல்றதுக்குள்ள போயிட்டியேடா!"

பின்கட்டுக் கதவு திறந்தது. கைலியும் பனியனுமாக, கையில் கரண்டியோடு மாமா வெளியே வந்தார்.

"அப்படிச் சொல்லுடா! இத சொல்ல பதினோரு வருசமா உனக்கு?"

கொட்டகையில் எழுந்த சத்தத்தை எழுத எனக்குத் திறமை போதாது. இரண்டு பேர் சாக்கடையைத் தாண்டினார்கள். ஒப்பாரி வைத்த அக்கா ராகத்தை மாற்றாமலேயே 'ஐயோ பேய்' என்று தொடர்ந்தார். ராமசாமி அண்ணன்தான் முதலில் சுதாரித்தார்.

"நீ சாவலையா? அப்ப நான் சொன்னது செல்லாது!"

மாமா அவர் போனை வாங்கிச் செய்தியைப் பார்த்தார். மேலே வரிசையாக முனியம்மா வீடு, தங்கராசு வீடு, பச்சையப்பன் வீடு. எல்லோரும் போய்ச் சேர்ந்தவர்கள். அந்த வரிசையின் கீழே லோரி பெருமாள் வீடு. என்னைப் பார்த்தார். டயருக்குக் காற்றடித்த அன்று பார்த்த அதே பார்வை.

அதைவிடப் பெரிய இடி அடுத்து விழுந்தது. கூட்டம் கிளம்ப ஆரம்பித்தது.

"தப்பா நெனைக்காதண்ணே. எழவுன்னு கெளம்பி வந்துட்டோம். குளிக்காம எப்படி வாயில வைக்கிறது? இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்லா."

'பாக்கலாம்லா' என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். முந்நூறு பேர் சோறு அண்டாவில் ஆவி பறக்கிறது. விற்ற லோரி திரும்பி வராது. மாமாவின் கரண்டி மெல்லக் கீழே இறங்கியது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் கோமதி, அப்பளச் சட்டியை விட்டு வந்து.

மாமா விறுவிறுவென்று வாசல் குழாய்க்குப் போனார். அண்டா கழுவும் ரப்பர் ஹோஸை எடுத்தார். குழாயை முழுக்கத் திறந்தார். கார்களை நோக்கிப் போன கூட்டத்தின்மேல், ஆண் பெண் பார்க்காமல், வெள்ளைச் சட்டை பார்க்காமல், கோயில் யானை மாதிரி பீய்ச்சினார். என் பட்டு ஜிப்பாவுக்கு மட்டும் இரண்டு சுற்று.

"குளிச்சாச்சு! செத்தவனே குளிப்பாட்டிட்டேன்! இப்ப எவன்டா திங்காமப் போறான், பாப்போம்!"

நனைந்த ராமசாமி அண்ணன் முகத்தை வழித்துவிட்டு முதல் இலையில் போய் உட்கார்ந்தார். "சோத்தப் போடுடா. மோட்டார் விசயத்த அப்பறம் பேசிக்கலாம்." அவ்வளவுதான். சொட்டச் சொட்ட நானூறு பேர் சாப்பிட்டார்கள். கடைசிப் பந்திக்கு ரசம் மட்டும்தான் மிஞ்சியது. சாவுக்கென்று வந்ததால்தான் அத்தனை பேர் வந்தார்கள். விளம்பரம் என்று தெரிந்திருந்தால் கனி பாய்கூட வந்திருக்க மாட்டார்.

கடை காலூன்றி நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. திங்கட்கிழமை ஃபரிடா அழைத்தாள். மூன்று பேர் புகார் கொடுத்திருந்தார்கள்.

"லிங்க் இல்ல, நம்பர் இல்ல, எல்லாம் சரி அங்கிள். ஆனா அவங்க சம்மதிச்சது சாவுச் செய்திக்கு. உங்க மாமா சாகலையே."

இரண்டு மாதம் கணக்கை முடக்கினார்கள். நானூறு பேருக்கும் நானே போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். பாதிப் பேர் மன்னித்தார்கள். மீதிப் பேர் அடுத்த சாப்பாடு எப்போது என்று கேட்டார்கள். அந்தத் திங்கள் இரவே கோமதி விரல்விட்டு எண்ணிச் சொன்னாள்: "எழுபதுல நாலு எழுத்து மிச்சம் இருந்துச்சு. கம்ப்யூட்டர் கணக்குல 'சோறு'க்கு நாலுதான்."

இப்போது சங்கத்திலிருந்து நிஜமான சாவுச் செய்தி போனால், ஆட்கள் முதலில் மாமா கடைக்குப் போன் போடுகிறார்கள். "அண்ணே, இது எழவா, சாப்பாடா?" மாமா கல்லாவில் இருந்தபடியே பதில் சொல்கிறார். வேலு அண்ணனுக்கு அதில் தீராத மனக்கசப்பு.

"நான் நெசமாப் போறப்ப ஒருத்தனும் வர மாட்டான். எல்லாத்தையும் நீ முன்னாடியே வரவழச்சுட்ட" என்று சொல்லி, மாமா தன் செய்தியைத் தானே எழுதி என்னிடம் கொடுத்துவிட்டார். 'RM0 லோரி பெருமாள். இந்த முறை நிஜம். சோறு கிடையாது.' தினமும் மத்தியானம் கடையில் வந்து சாப்பிடும் ராமசாமி அண்ணனுக்கு அந்தக் கடைசி வரி பிடிக்கவில்லை. 'ராமசாமிக்கு மட்டும் உண்டு' என்று சேர்க்கச் சொன்னார். எண்ணிப் பார்த்தேன். எழுபதுக்கு மேல் ஏழு எழுத்து அதிகம்.

"அப்ப நிஜம்ங்கிறத எடுத்துருலா" என்கிறார் ராமசாமி அண்ணன், ரசத்தை உறிஞ்சிக்கொண்டே.