வெள்ளி பிடிக்கும் சவ்வும் நுரைக்காத கள்ளும்

எங்கள் நகராட்சியில் ஒரு விஷயம் மட்டும் மிகத் தெளிவு. பன்றித்தலையை வைத்து, அரிசியில் வடித்த கள்ளை ஊற்றிக் கும்பிடாமல் எந்த இயந்திரமும் ஓடக்கூடாது. நகலெடுக்கும் இயந்திரம்கூட அப்படித்தான் தொடங்கியது. அதில் இன்னமும் காகிதம் சிக்குகிறதென்றால் அது பன்றியின் குற்றமல்ல.

ஆகவே குடிநீர் நிலையத்தில் தண்ணீர் வடிகட்டும் நானோ இழைச் சவ்வு வந்திறங்கியபோது, பூசைக்கு முன் பொத்தானை அழுத்த யாருக்கும் துணிச்சல் வரவில்லை. சவ்வு லேசுப்பட்டதல்ல. சிலந்தி பார்த்தால் வெட்கப்படும் இழைகள். வெள்ளித் துகளைக் கண்டால் பிடித்துக்கொண்டு விடாத ஒரு பூச்சு. தண்ணீரில் வெள்ளி எப்படி வந்தது? எங்கள் கால்களிலிருந்துதான். நாற்றம் போக்கும் நானோ வெள்ளிக் காலுறை போடாதவன் மனிதனே அல்ல என்று ஊர் முடிவு செய்திருந்தது. துவைத்த தண்ணீர் ஆற்றுக்கு, ஆறு குழாய்க்கு.

கிருமியைக் கொல்லும் வெள்ளிக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி தெரியாது. கள் வடிக்கும் பியோ மல்சூன் அக்காவின் ஜாடிகள் நுரைப்பதை நிறுத்திவிட்டன. சூசொக் அறுவடைத் திருநாளுக்குள் நுரைக்காவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

அவரிடம் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவுத் தலைவர் ஓக் போனார்.

"அக்கா, சவ்வுப் பூசைக்குக் கள்ளு வேணும். நம்ம ஊர்த் தண்ணியில செஞ்சதா இருக்கணும். விதி."

"அந்தத் தண்ணியிலதான் பொங்க மாட்டேங்குது சார். முதல்ல மெஷினை ஓட்டுங்க."

"பூசை போடாம எப்படிக்கா ஓட்டறது?"

"கள்ளு இல்லாம எப்படி சார் பூசை போடுவீங்க?"

"அதுக்குத்தானே உங்ககிட்ட வந்திருக்கேன்!"

ஜாடிகளின் ஒத்துழைப்பின்மையை ஆராய ஒரு குழு அமைந்தது. குழு ஜாடிகளைக் கூர்ந்து நோக்கியது. ஜாடிகளிடம் போதிய ஆர்வம் இல்லை என்று கண்டறிந்தது.

கடைசியில் அக்கா ஒரு குடம் கொண்டுவந்தார்.

"இது வெறும் கழுநீர் சார்."

"சத்தம் போடாதீங்க. மேயர் குடிச்சுட்டா அப்புறம் அது கள்ளுதான்."

மேயர் குடித்தார், லேசாகத் தள்ளாடினார். துணை மேயர், மேலதிகாரி முன் குடிக்கும் மரியாதைப்படி முகத்தைத் திருப்பிக் குடித்து, இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளாடினார். ஓக் தன் பதவிக்கேற்பத் தரையிலேயே விழுந்துவிட்டார்.

சவ்வு ஓடியது. சொன்னபடியே வெள்ளியைப் பிடித்தது. சில நாளில் அக்காவின் ஜாடியில் ஒரு குமிழி வந்தது. அக்கா அழுதுவிட்டார்.

நகராட்சிக்கும் மகிழ்ச்சி. விழா என்றால் நினைவுப் பரிசாகத் துண்டு கொடுத்தே ஆகவேண்டுமே! ஊர் முழுக்கக் கொடுத்தார்கள். நானோ வெள்ளித் துண்டு.

"துண்டுலயுமா சார் வெள்ளி?" என்றார் அக்கா.

"அதான் சவ்வு இருக்கேக்கா! பாத்துக்கும்."

அக்கா துண்டைத் தடவிப் பார்த்தார். "மெத்துனு இருக்கு. ஒரு துண்டாலயா ஆறு கெட்டுடப் போகுது? மருமகளுக்கும் ஒண்ணு குடுங்க."

வரிசையில் பின்னால் நின்ற எல்லோரும் அதையேதான் சொன்னோம். நான் மூன்று வாங்கினேன்.

சூசொக்குக்கு முன்பே சவ்வு மூச்சடைத்து நின்றுவிட்டது. அக்காவின் கடை பூட்டிக் கிடக்கிறது. எல்லா வீட்டுக் கொடியிலும் துண்டுகள் காய்கின்றன. ஒன்றுகூட நாறவில்லை.