எல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆகிடும்

ஓமானின் சலாலாவில் உங்கள் காரை வழிமறிக்கும் ஜீவராசிகள் இரண்டு. ஒன்று ஒட்டகம், சற்றுப் பொறுத்தால் தானாக நகர்ந்துவிடும். இன்னொன்று, அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு வழி சொல்கிறவர். நகரமாட்டார். கண்ணாடியை இறக்கச் சொல்வார்.

துறைமுகத்தில் பொறியாளராக இருந்த முரளிதரன் இந்த இரண்டாவது இனம். அமெரிக்காவை அவர் பார்த்ததில்லை. மனைவி பானுமதியின் தம்பி டாலஸில் இருந்தான், போதாதா? வெள்ளிக்கிழமை யார் வீட்டில் சாப்பாடு என்றாலும், அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை ஒன்று இருந்துவிட்டால், மார்க்கை விசாரித்து, உச்சுக்கொட்டி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "நேரா யுனிவர்சிட்டிக்கு எதுக்கு சார் போகணும்?" என்று ஆரம்பிப்பார். ரசம் ஆறிவிடும்.

அவர் சொன்ன வழி இதுதான். முதல் இரண்டு வருஷம் அங்குள்ள கம்யூனிட்டி காலேஜ் என்னும் சின்னக் கல்லூரி. பொதுப்பாடங்களை அங்கே செலவு குறைவாக முடித்து, அவற்றுக்குக் கிடைக்கும் கிரெடிட் என்னும் பாடப்புள்ளிகளையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு பெரிய யுனிவர்சிட்டியில் மூன்றாம் வருஷத்தில் நுழைவது. யோசனையில் தப்பில்லை. அவரிடம் அடுத்த கேள்வி கேட்பதுதான் தப்பு.

சேதுராமன் கேட்டார். சிமென்ட் கம்பெனிக் கணக்காளர், சாது. மகள் ரக்ஷிதாவை 2005இல் அந்த வழியாகவே அனுப்பியிருந்தார்.

"இன்ஜினியரிங்தான் வேணும்கிறா. இப்ப என்ன பாடம் எடுக்கணும் சார்?"

"பொதுப்பாடம்தானே? சுலபமா பார்த்து எடுக்கச் சொல்லுங்க, மார்க் ஏறும். எல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆகிடும்."

ரக்ஷிதா எடுத்தாள். பாட்டரி என்னும் மண்பாண்டம் வனைதல். சினிமா ரசனை. மேடைப்பேச்சு. மார்க் நன்றாகவே ஏறியது.

மறு வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, சேதுராமன் வீட்டில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது ஃபோன் வந்தது. எடுத்துப் பேசிய அவர் மனைவி தாமரை முகம் மாறி, ஸ்பீக்கரைத் தட்டினாள். "அங்கிள்கிட்டயே சொல்லு."

"அங்கிள், யுனிவர்சிட்டில கேட்டேன். பாட்டரியை அக்செப்ட் பண்ணிப்பாங்களாம். பட் இன்ஜினியரிங் டிகிரிக்குக் கவுன்ட் ஆகாது. கால்குலஸ், பிசிக்ஸ் எதுவுமே நான் எடுக்கலை. ஒன் மோர் இயர் ஆகும், அங்கிள்."

குரல் கடைசியில் உடைந்தது.

முரளிதரன் கடித்த அப்பளத்தைத் தட்டில் வைத்தார். 'எனக்குத் தெரியாதும்மா' என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. பழக்கமில்லாத வாக்கியம், வெளியே போக வழி தெரியாமல் திரும்பிவிட்டது.

"நான் ஜெனரலாத்தானே சொன்னேன்," என்றார்.

"எந்த யுனிவர்சிட்டி, அங்க என்ன கேப்பாங்கன்னு ஒரு தடவை விசாரிச்சீங்களா சார்?" என்றாள் தாமரை.

பானுமதி தட்டைப் பார்த்தபடி கணவரிடம் சொன்னாள்: "தெரியலைன்னு சொல்லிப் பழகுங்களேன். வாய் சுளுக்கிக்காது."

 சேதுராமன் அந்தக் கோடையோடு வேலையை முடித்துக்கொண்டு, குடும்பத்தோடு திருச்சிக்கே போய்விடுவதாக இருந்தார். மகளின் கூடுதல் வருஷச் செலவுக்காக இன்னொரு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். தாமரை தனியாக ஊருக்கு விமானம் ஏறினாள். ரக்ஷிதா விடுமுறையிலும் ஊருக்கு வராமல் கால்குலஸோடு மல்லுக்கட்டி, ஒரு வருஷம் பிந்தி யுனிவர்சிட்டியில் சேர்ந்தாள்.

முரளிதரனுக்கும் வருத்தம்தான். பல வெள்ளிக்கிழமைகள் பேசாமல் சாப்பிட்டார். சர்க்கரை வந்துவிட்டதோ என்று நண்பர்கள் கவலைப்பட்டார்கள்.

பிறகு மஸ்கட்டிலிருந்து மாற்றலாகி நாகவள்ளி என்ற வங்கி அதிகாரி வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன். முரளிதரன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முதல்ல யுனிவர்சிட்டியை முடிவு பண்ணுங்க மேடம். எந்தெந்தப் பாடம் டிகிரிக்குக் கணக்காகும்னு அவங்களையே கேட்டுட்டு, அப்புறம் காலேஜ்ல எடுங்க. கால்குலஸை விட்டுடாதீங்க. பலபேர் அதுலதான் கோட்டை விடறாங்க."

அத்தனையும் சரி. வாழ்க்கையில் முதல் தடவையாக.

"எப்படி சார் இவ்வளவு விவரமா தெரிஞ்சு வெச்சிருக்கீங்க?" என்று நாகவள்ளி வியந்தாள்.

"நம்ம சேதுராமன் பொண்ணுக்கு எல்லாம் நான்தானே பார்த்தேன்!"

பக்கத்தில் தனியாக வந்து உட்கார்ந்திருந்த சேதுராமன், தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நீங்கள் இந்த ரகம் இல்லை, தெரியும். சும்மா ஒரு சந்தேகம்: போன மாதம் கல்யாண வீட்டில் ஒரு பையனை நிறுத்திவைத்து, ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுக்க வேண்டும் என்று அரைமணி நேரம் சொன்னீர்களே, அவன் பெயர் என்ன?